நிதானம் பின் சீட்டில் உட்கார்ந்த நாள்

பஸ் டிப்போவில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் கிடையாது. நிதானம் என்று கேட்டால்தான் தெரியும். முப்பத்தொரு வருஷம் ஒரே வழித்தடம். ரயிலடியிலிருந்து மலையடிவாரம், மலையடிவாரத்திலிருந்து ரயிலடி, நாளுக்கு நாலு நடை. இத்தனை வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சின்மீதுகூட அவர் சக்கரம் ஏறியதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் வாயைத் திறக்க மாட்டார். பக்கத்தில் நின்று யாராவது ஊர்க்கதை பேச ஆரம்பித்தால் வண்டியை அப்படியே ஓரங்கட்டி, “பேசி முடிங்க, அப்புறம் போலாம்” என்பார். நல்ல பழக்கம்தான், யார் இல்லை என்றது. ஆனால் மனுஷன் வண்டியை விட்டு இறங்கின பிறகும் அந்தப் பழக்கம் இறங்கவில்லை. வீட்டிலும் அதே வாய்ப்பூட்டுதான்.

அவர் மனைவி பாலர் பள்ளியில் ஆயா. ஊரே அவளை ஆயாம்மா என்றுதான் கூப்பிடும். நாற்பது வாண்டுகளுக்கு நடுவில் நாள் பூரா கதையும் பாட்டும் குரங்குச் சேட்டையுமாக இருப்பவள், வீட்டு வாசற்படியை மிதித்ததும் அடங்கிவிடுவாள். ‘சாப்பிடறீங்களா’, ‘போதுமா’, ‘விளக்கை அணைக்கட்டுமா’. முப்பது வருஷக் குடித்தனம் இந்த மூன்று கேள்விகளில் ஓடிவிட்டது. நிதானத்துக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. சத்தம் போடாத எஞ்சின்தான் நல்ல எஞ்சின் என்பது அவர் எண்ணம்.

போன மாதம் அவருக்கு ஓய்வு கொடுத்து மாலை போட்டு அனுப்பினார்கள். ஆயாம்மாவும் பள்ளியை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. ஒரே மகள் வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள். பதினைந்து நாளைக்கு இரண்டு பேரையும் வரவழைத்தாள். பன்னிரண்டாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சர்வசாதாரணமாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“அம்மா இங்கேயே ஒரு ஆறு மாசம் இருக்கட்டும்பா. நீங்க மட்டும் இப்ப போங்க.”

நிதானம் சோற்றைப் பிசைந்தபடி பேசாமல் இருந்தார். அவர் எதற்குப் பேச வேண்டும்? ‘அதெப்படிடி முடியும், அப்பாவுக்கு யார் சமைப்பா’ என்று ஆயாம்மா சொல்லுவாள், விஷயம் முடிந்துவிடும். ஆயாம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். “யோசிச்சு சொல்றேன்” என்றாள்.

இதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? அன்று படுத்தவர் புரண்டு புரண்டு படுத்தார். “நாளைக்கு சாயங்காலம் சொல்லிடும்மா, டிக்கெட்டை மாத்தணும்” என்று மகள் வேறு கெடு வைத்துவிட்டாள். நாளைக்கு அவளுக்கு வேலை. அப்பாவும் அம்மாவும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று ஊர் சுற்றிக் காட்டும் வேன் ஒன்றில் இரண்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். வேன் டிரைவர் நம் பாஷை பேசுகிறவர் என்பதால் கவலையே இல்லை என்றாள். கவலையே அந்த டிரைவர்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

காலை ஏழரைக்கு வேன் வந்தது. டிரைவர் குதித்து இறங்கினார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். தலை நரைத்தவன் போடுகிற சட்டையா அது. பச்சையில் கையகலச் சிவப்புப் பூ. பாட்டன் காலத்தில் கப்பலேறிப் போன குடும்பமாம். தமிழ் கொஞ்சம் வழுக்கினாலும் வாய் மட்டும் வற்றவில்லை. நிதானம் அந்த நிமிஷமே அவருக்குப் பூச்சட்டை என்று மனசுக்குள் பேர் வைத்துவிட்டார்.

பூச்சட்டை எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார். “யாருக்காவது வண்டியில போனா தலை சுத்துமா, வயத்தைப் புரட்டுமா? வெக்கப்படாம சொல்லுங்க.”

ஆயாம்மா கையைத் தூக்கினாள்.

நிதானம் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷமாக ஒரு பஸ் டிரைவரின் பெண்டாட்டி. வண்டியில் போனால் வயிற்றைப் புரட்டும் என்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. அவர் பஸ்ஸில் எத்தனை தடவை வந்திருக்கிறாள், ஒரு தடவை சொன்னாளா?

“அப்ப அக்கா முன்னாடி வாங்க, என் பக்கத்துல. ரோட்டைப் பாத்துட்டே வந்தா ஒண்ணும் பண்ணாது. அண்ணே, நீங்க பின்னாடி ஏறிக்குங்க.”

அண்ணன் பின்னாடி ஏறிக்கொண்டார். கடைசி வரிசையில் ஒரு பக்கம் புதுசாகக் கல்யாணமான ஜோடி, ஒருத்தர் வாயில் ஒருத்தர் மிட்டாய் ஊட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு பக்கம் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், ஏறியதும் தூங்கிவிட்டார். நடு வரிசையில் மூன்று அக்கா தங்கைகள். எல்லாருக்கும் முன்னால், பெரிய முன்கண்ணாடிக்கு நேரே, அரசாங்க விருந்தாளி மாதிரி ஆயாம்மா.

பூச்சட்டை ஒரு கையால் ஓட்டினார். இன்னொரு கையால் வழியில் தெரிந்ததையெல்லாம் காட்டினார். வாய் ஓயவில்லை. இந்தப் பாலம் கட்டின கதை, அந்த மணிக்கூண்டு நின்றுபோன கதை, தான் ஓட்டக் கற்றுக்கொண்டபோது மாமனார் வீட்டு மதிலை இடித்த கதை. இதையெல்லாம் ஒரு டிரைவர் பெருமையாகச் சொல்லலாமா? ஒவ்வொரு வளைவிலும் நிதானத்தின் வலது கால் முன் சீட்டின் அடியில் இல்லாத பிரேக்கை மிதித்தது. மேட்டில் தவறான கியர். ஆனால் முன்னாலிருந்து கேட்ட சத்தம்தான் அதைவிடப் பொறுக்க முடியவில்லை. ஆயாம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு இல்லை, தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே நின்று அவர் இரண்டொரு தடவை கேட்டிருக்கிறார். வாண்டுகளுக்காக என்று நினைத்து அப்படியே போய்விடுவார். இப்போது இந்தப் பூச்சட்டைக்கும் கிடைக்கிறது என்றதும் வயிற்றில் ஒரு எரிச்சல் கிளம்பியது.

முதலில் துறைமுகத்துச் சந்தையில் நிறுத்தினார்கள். நின்றுகொண்டே சாப்பிடுகிற கடை. பெரிய அண்டாவில் மீன் சூப் கொதித்தது. அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த உருண்டை ரொட்டி, தொட்டால் கை சுட்டது. நிதானம் மனசே இல்லாமல் ஒரு வாய் குடித்தார். குடித்ததும் பொல்லாத கோபம் வந்தது, ஏனென்றால் சூப் அவ்வளவு ருசி. மிளகும் புளிப்பும் உறைப்பும் தொண்டையில் இதமாக இறங்கின. இந்தக் கடையைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தவன் பூச்சட்டை என்பதுதான் அதில் மிதந்த முள்.

“அக்கா, இன்னொரு கிண்ணம்?”

“போதும்னு சொல்லத்தான் நினைக்கறேன்” என்றாள் ஆயாம்மா, கிண்ணத்தை நீட்டியபடியே.

வீட்டில் அவள் எல்லாரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில் நின்று சாப்பிடுகிறவள். எவ்வளவு சாப்பிடுவாள், எது பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? நிதானம் கேட்டதில்லை. இவன் கேட்டுவிட்டான், அதுவும் அறிமுகமான ஒன்றரை மணி நேரத்தில்.

சரி, மத்தியானச் சாப்பாட்டை நாம் வாங்கிக் கொடுப்போம் என்று முடிவு கட்டினார். கடற்கரை ஓட்டலில் ஆயாம்மாவைத் தனி மேசைக்குக் கூட்டிப் போய், பரிமாறுகிற பெண்ணிடம் பட அட்டையில் இருப்பதிலேயே பெரிய படத்தை விரலால் தொட்டுக் காட்டினார். “என்னங்க அது?” என்றாள் ஆயாம்மா. “வரட்டும், பாரு” என்றார். தெரிந்தால் அல்லவா சொல்லுவார்.

வந்தது. ஒரு தாம்பாளம். அதில் ஒரு குன்று சிப்பி. வாயை இறுக மூடிய கறுப்புச் சிப்பிகள். கூடவே ஒரு சின்னச் சுத்தியல், ஒரு மழுங்கிய கத்தி. நிதானம் சுத்தியலை எடுத்து ஒரு போடு போட்டார். சிப்பி எகிறிப் போய் அக்கா தங்கைகளில் நடு ஆளின் தண்ணீர் டம்ளரில் விழுந்தது. இரண்டாவது சிப்பி உடைந்தது, ஓடும் கறியும் ஒன்றாகக் கூழாகிவிட்டது. மூன்றாவதில் கட்டை விரல். பஸ் எஞ்சினையே பிரித்து மாட்டுகிற கை, ஒரு சிப்பியிடம் தோற்றது. ஓட்டலே பார்த்தது. ஆயாம்மா சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

அழைக்காமலே வந்து நின்றார் பூச்சட்டை. “அண்ணே, இதுக்கு பலம் வேணாம். இடுப்புல ஒரு இடம் இருக்கு, அதுல கத்தியை விட்டு லேசா ஒரு திருப்பு.” டக், டக், டக். அரை நிமிஷத்தில் பத்துச் சிப்பி வாயைத் திறந்தன. எலுமிச்சை பிழிந்து ஆயாம்மா பக்கம் தள்ளினார். அவள் ஒன்றை வாயில் போட்டாள், கண்ணை மூடினாள், “அடேயப்பா” என்றாள். நிதானம் விரலை ஐஸ் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சாப்பிட்டாரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இறங்கியிருக்காது.

மூன்று மணிக்கு மலையுச்சி அருவி. தூறல் பிடித்துக்கொண்டது. ஆயாம்மாவும் அக்கா தங்கைகளும் அருவி பார்க்கப் போனார்கள். ஜோடி குளிர்கிறது என்று உள்ளேயே ஒட்டிக்கொண்டது, வாத்தியார் தூக்கம் கலையவில்லை. நிதானம் கோபத்தில் இறங்கவில்லை. கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தார், ஆயாம்மா கூப்பிடவில்லை. வண்டிகள் நிற்க அங்கே இடம் குறைவு, ஆளில்லாமல் விடக்கூடாது என்று காவல்காரர் ஒருவர் விசிலும் கையுமாக நடந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பூச்சட்டை பின்னால் வந்து சொன்னார்.

“அண்ணே, மழை வலுக்குது. நான் போய் அவங்களைக் கூட்டிட்டு வந்துடறேன். நீங்க பெரிய டிரைவராமே, அக்கா சொன்னாங்க. அஞ்சு நிமிஷம் என் சீட்டுல உக்காருங்க. உள்ள இருக்கறவங்களுக்குக் குளிருது, எஞ்சின் ஓடட்டும்.”

பெரிய டிரைவர் என்று அவள் சொன்னாளா? நிதானத்துக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துபோயிற்று. போய் உட்கார்ந்தார். ஸ்டியரிங் நம் ஊருக்கு எதிர்ப்பக்கம், கியரும் இடம் மாறி இருந்தது. ஆனாலும் உள்ளங்கையில் ஸ்டியரிங் பட்டதும் முதுகு தானாக நிமிர்ந்தது.

அக்கா தங்கைகள் ஓடி வந்து ஏறிக்கொண்டார்கள். “அவங்க பின்னாடி வராங்க” என்றார்கள். நிதானம் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். தூரத்தில் ஒரே குடை. அதன் கீழே இரண்டு பேர், அவசரமே இல்லாமல், கல்யாண ஊர்வலம் மாதிரி வந்துகொண்டிருந்தார்கள். பூச்சட்டை கையை ஆட்டி என்னவோ சொன்னார். ஆயாம்மா நின்றுவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். விழாமல் இருக்க அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் காவல்காரர் வேறு எந்த வண்டிக்கோ விசில் அடித்தார். இரண்டு விசில்.

நிதானம் வாழ்ந்த உலகத்தில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் எடு. முப்பத்தொரு வருஷம் கண்டக்டரின் இரண்டு விசிலுக்குக் கட்டுப்பட்ட காலும் கையும். கை தானாகப் போயிற்று என்றுதான் பிறகு எல்லாரிடமும் சொன்னார். இப்போதைக்கு நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

வேன் சர்ரென்று கிளம்பிவிட்டது. மழையில் முந்நூறு கெஜம், நம் ஊர் வழக்கப்படி இடது பக்கமாகவே. எதிரே ஒரு லாரி, விளக்கைப் போட்டு அலறிக்கொண்டு வந்தது. அக்கா தங்கைகள் மூன்று சுருதியில் கத்தினார்கள். வாத்தியார் முதல் முறையாகக் கண் விழித்து “வந்துடுச்சா?” என்றார். நிதானம் ஸ்டியரிங்கை ஒடித்தார். வேன் சாலையோரப் பூச்செடிகளை உழுது, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றது.

காவல்காரர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே ஓடி வந்தார். பின்னாலேயே பூச்சட்டை, குடையில்லாமல், நனைந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வந்ததும் காவல்காரரிடம் தலையைக் குனிந்து கையைக் கட்டிக்கொண்டு, தப்பு என்னுடையது, வண்டியைச் சரியாக நிறுத்தாமல் போய்விட்டேன் என்று அவர் பாஷையில் சொன்னார். காவல்காரர் எச்சரித்து விட்டுவிட்டார். அப்புறம் நிதானத்தின் தோளைத் தொட்டு, “அண்ணே, அடி ஒண்ணும் படலியே?” என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிதானத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பாவி, அதைக்கூடக் கொடுக்கவில்லை.

ஆயாம்மா கடைசியாக வந்தாள். குடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். பள்ளத்தில் இறங்கிய சக்கரத்தைப் பார்த்தாள், நிதானத்தைப் பார்த்தாள். எல்லாருமாகத் தள்ளிச் சக்கரத்தை மேலே ஏற்றியதும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வழியெல்லாம் அவள் பேசவில்லை, சிரிக்கவில்லை. பூச்சட்டையும் எதையும் காட்டவில்லை. காலையிலிருந்து நிதானம் கேட்ட வரம் கிடைத்துவிட்டது, வேன் முழுக்க நிசப்தம். ஆனால் அவர் கண் முன் சீட்டை விட்டு நகரவில்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஒரு சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார்கள். அங்கிருந்து மகள் வீடு அரை மணி நேரம்தான். வீட்டுக்குப் போனதும் பதில் சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் நீள மேசையில் உட்கார்ந்தார்கள். பூச்சட்டை சமையலறைப் பக்கம் போய்விட்டார். ஜன்னலோரம் இரண்டு பேர் மேசை ஒன்று இருந்தது, ஆயாம்மா அதில் போய் உட்கார்ந்தாள். நாள் பூரா வேக வைத்த கறி, எலும்பிலிருந்து தானாகக் கழன்று விழுந்தது. பக்கத்தில் கனமான ரொட்டி, வெண்ணெய். இரண்டு பேரும் பசியோடு நாலைந்து வாய் தின்றார்கள்.

“ஏங்க, ஒண்ணு கேக்கவா?”

“கேளு.”

“வண்டியை எடுக்கறப்ப என்னைப் பாத்தீங்களா?”

“அந்தக் காவல்காரன் ரெண்டு விசில் அடிச்சான். பழக்க தோஷம். கை தானா போயிடுச்சு.”

“நான் அதைக் கேக்கல.”

நிதானம் ரொட்டியைப் பிய்த்தார். “மழை பெய்யுது. கண்ணாடி பூரா தண்ணி.”

“காலையில இருந்து அந்தச் சைடு கண்ணாடிக்குப் பக்கத்துலதாங்க உக்காந்திருந்தேன்” என்றாள் ஆயாம்மா. குரல் உயரவில்லை. “பின்னாடி ஒரு பூனை வந்தாக்கூடத் தெரியுது. காலையிலயே டிரைவர்கிட்ட கேட்டேன். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி கண்ணாடி பாக்காம எந்த டிரைவருக்கும் கால் நகராது அக்கான்னாரு. எனக்கு இதெல்லாம் எங்க தெரியும், உங்க பக்கத்துல ஒரு நாளாவது உக்காந்திருந்தாத்தானே? உள் கண்ணாடியில உங்க மூஞ்சிகூடத் தெரிஞ்சுது. நான் சிரிக்கறப்ப எல்லாம் கடுகடுன்னு ஆனதைப் பாத்துட்டேதான் வந்தேன்.”

நிதானம் ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

“பாப்பாவுக்கு மூணு வயசுல காய்ச்சல் வந்து தூக்கித் தூக்கிப் போட்டுச்சே, ஞாபகம் இருக்கா? ஆஸ்பத்திரிக்குப் போக உங்க பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தேன். நான் வரதுக்குள்ள ஸ்டாப்பிங்கைத் தாண்டி ரெண்டடி நகந்துடுச்சு. கத்திட்டே பின்னாடி ஓடினேன். அது நிக்கவே இல்ல. அடுத்த பஸ் ஒரு மணி நேரம். தோள்ல போட்டுக்கிட்டு நடந்தே போனேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், பாக்கலியான்னு. ‘பின்னாடி யார் வராங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்’னீங்க. நான் நம்பிட்டேன். இருபத்தஞ்சு வருஷம் நம்பினேங்க. இன்னைக்கு அந்த வேன் என்னை விட்டுட்டுப் போகுது பாருங்க, அப்பத்தான் ரெண்டையும் சேத்து நினைச்சுப் பாத்தேன்.”

மேசைக்கு அந்தப் பக்கம் அவள் காத்திருந்தாள். நிதானத்துக்கு அந்த நாள் மறக்கவே இல்லை. மஞ்சள் துண்டில் சுற்றின பிள்ளை. ஒரு கால் செருப்பு கழன்று விழ, அதை விட்டுவிட்டு ஓடி வந்தாள். கண்ணாடியில் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, வளைவில் மறைகிற வரைக்கும் தெரிந்தது.

“பாத்தேன்” என்றார்.

“எப்ப?”

“ரெண்டு தடவையும்.”

ஆயாம்மா கரண்டியை வைத்துவிட்டாள்.

“ஸ்டாப்பிங் இல்லாத இடத்துல யாருக்கும் நிறுத்த மாட்டேன்னு எனக்கு ஒரு பேர் இருந்துச்சு. பொண்டாட்டிக்குன்னா நிறுத்திட்டான்னு வண்டியில யாராவது சொல்லிடுவாங்களோன்னு போயிட்டேன். அதுக்கப்புறம் சொல்ல வாய் வரல.”

“இன்னைக்கு?”

“இன்னைக்கு வயிறு எரிஞ்சுது.” சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. “அந்த ஆள் பேசினா அப்படிச் சிரிக்கறே. நான் பேசி நீ ஒரு நாள் சிரிச்சதில்ல.”

“நீங்க பேசினாத்தானேங்க” என்றாள் அவள்.

கண் கலங்கியிருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். ஆறிக்கொண்டிருந்த கறியில் ஒரு துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள், எலும்பில்லாத துண்டு. இருபத்தைந்து வருஷக் கோபத்தை ஒரே நாளில் எங்கே வைப்பது என்று தெரியாமல் கை அதன் பழக்கத்தைச் செய்தது போலிருக்கிறது. அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நான் பாப்பாகூட ஆறு மாசம் இருக்கேன்.”

நேற்று மாதிரி அவருக்கு ஆத்திரம் வரவில்லை. தண்ணீரை ஒரு வாய் குடித்தார். வண்டியையே ஓரங்கட்டி ஊர்க்கதையை அடக்கிய அந்தக் குரல் இப்போது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

“அப்புறம் வந்துடுவே இல்ல?”

ஆயாம்மா திரும்பி அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

“வருவேன். ஆனா இனிமே பின்னாடி ஓடி வர மாட்டேங்க. நீங்க நின்னா ஏறிக்கறேன்.”